சின்ன ரிவால்வர் என்றால் சுலபமான ரிவால்வரா? ஹூஸ்டன் செவிலியர் ஒருவருக்கு என் பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியும். ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறீர்கள். கிரீன் கார்டு வந்து இரண்டு வருடம். இரவு பதினொன்றரைக்குப் பணி முடிந்து பல மாடி பார்க்கிங்கில் கார் வரை தனியாக நடக்க வேண்டியிருக்கிறது. போன மாதம் ஒரு ஆள் இரண்டு மாடி பின்னாலேயே வந்திருக்கிறான். அடுத்த நாளே துப்பாக்கிக் கடைக்குப் போனீர்கள். உள்ளங்கை அளவு ரிவால்வர் ஒன்றைக் கடைக்காரர் எடுத்து வைத்து, "பெண்களுக்கு இதுதான் சரி, நீட்டி அழுத்தினால் போதும்" என்றார். உடன் வேலை செய்யும் தோழியோ, "துப்பாக்கி எதற்கு, என்னோடு கத்திப் பயிற்சிக்கு வா" என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு நாள் பழக வேண்டும் என்று கேட்கிறீர்கள். வீட்டில் மாணவர் விசாவில் வந்த தம்பி தங்கியிருக்கிறான் என்பதையும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

நான் டாலஸ் பக்கம் இருக்கிறேன். பதினாலு வருடமாகச் சுடுகிறேன். வார இறுதிகளில் பெண்களுக்கான வகுப்புகளில் உதவிப் பயிற்றுநராக நிற்கிறேன். என் கருத்து இது: கத்தியை ஆயுதமாக வாங்காதீர்கள், ஆனால் தோழியோடு அந்தக் கத்தி வகுப்புக்குப் போங்கள். ரிவால்வரை இன்று வாங்காதீர்கள், ஆறு மாதம் பழகிவிட்டு வாங்குங்கள். அந்த பார்க்கிங் நடைக்கு என்ன செய்வது என்பதை நாளைக்கே முடிவு செய்யுங்கள். இரண்டு ஆயுதங்களுமே அந்த நடையில் உங்கள் கையில் இருக்கப்போவதில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் விசா விஷயம். நம்மவர்கள் பலர் தெரியாமலே மாட்டிக்கொள்ளும் இடம் இது. அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி, எச்-1பி, எச்-4, எஃப்-1 (மாணவர் விசா) போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்கவே கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நண்பர்களோடு சும்மா ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் நாலு தோட்டா சுடுவதும் இந்தத் தடைக்குள் அடங்கும். பிடிபட்டால் 15 ஆண்டு வரை சிறை, விசாவும் போய்விடும். கிரீன் கார்டு உள்ள உங்களுக்கு இந்தத் தடை இல்லை. உங்கள் தம்பிக்கு உண்டு. அவன் கைக்கு எட்டுகிற மாதிரி அலமாரியில் துப்பாக்கி இருந்தாலே அவன் வசம் இருந்ததாக வழக்குப் போட வழியிருக்கிறது. அதனால் உங்கள் வீட்டுக்குத் துப்பாக்கி வருவதற்கு முன்னால் எண்பூட்டுள்ள இரும்புப் பெட்டி வர வேண்டும். அந்த எண் உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். தம்பியை நம்பவில்லை என்று அர்த்தமில்லை, அவனைக் காப்பாற்றுகிறீர்கள்.

இனி அந்த ரிவால்வர். குட்டைக் குழல் ரிவால்வர்கள் எப்படி வந்தன என்று தெரிந்துகொண்டால் கடைக்காரர் சொன்னதன் கோளாறு தானாகப் புரியும். கோல்ட் நிறுவனம் 1927-இல் டிடெக்டிவ் ஸ்பெஷல் என்று இரண்டு அங்குலக் குழலோடு ஒன்றைக் கொண்டுவந்தது. 1950-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் ஐந்து தோட்டா பிடிக்கும் இன்னும் சின்ன ரிவால்வர் ஒன்றை, கொலராடோ ஸ்பிரிங்ஸில் நடந்த போலீஸ் தலைவர்கள் மாநாட்டில் அறிமுகம் செய்தது. அங்கே வந்திருந்த தலைவர்களிடமே வாக்கெடுத்து அதற்கு சீஃப்ஸ் ஸ்பெஷல் என்று பெயர் வைத்தார்கள். இவற்றை வாங்கியவர்களில் பலர் சாதாரண உடுப்பில் வேலை பார்த்த துப்பறியும் போலீசார். பெரிய ரிவால்வரில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் சுட்டுப் பழகியவர்கள். பெரியதை மறைக்க முடியாத நாளில் இதைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டார்கள். கை தேர்ந்தவர்கள் வைத்துக்கொண்ட இந்தச் சின்னத் துப்பாக்கியைத்தான் இன்று முதல்முறை துப்பாக்கி தொடுகிறவரிடம், அதுவும் பெண்கள் என்றால் உடனே, எடுத்து நீட்டுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. எங்கள் வகுப்புக்கு இந்த ரிவால்வரோடு வரும் பெண்களில் பாதிப் பேராவது, முதல் அரை மணி நேரத்தில் தங்களுக்குச் சுடவே வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர்களிடம் குறை ஏதும் இல்லை. தப்பான துப்பாக்கியில் ஆரம்பித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். கடைகளில் அதிகம் விற்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 போன்ற அலுமினியச் சட்டம் கொண்ட மாடல்கள், அல்லது 2009-இல் வந்த ரூகர் எல்சிஆர். எடை ஏறக்குறைய 400 கிராம். விசையை இழுக்கத் தேவைப்படும் பலமோ, 642-இல் ஐந்து கிலோவுக்கு அருகில். அதாவது துப்பாக்கியின் எடையைப் போல பத்து மடங்குக்கு மேலான பலத்தை ஒரே ஒரு விரலால், துப்பாக்கி கொஞ்சமும் அசையாமல் கொடுக்க வேண்டும். விரல் இழுக்கும்போது மற்ற விரல்களும் சேர்ந்து இறுகும், குழலின் மூக்கு கீழே குனியும். மூன்று மீட்டரில் இருக்கும் காகிதத்தைக்கூட தவறவிடுவது இதனால்தான். குழல் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு, குறி பார்க்க உதவும் முன்குறிக்கும் பின்பள்ளத்துக்கும் நடுவே இடைவெளி மிகச் சிறியது. அதனால் கை லேசாகச் சாய்ந்தாலும் இலக்கில் பெரிய விலகல் தெரியும். அப்புறம் உதை. ஒரே .38 ஸ்பெஷல் தோட்டாவை ஒரு கிலோ எடையுள்ள ரிவால்வரில் சுட்டால் தோளில் தட்டிக்கொடுத்த மாதிரி இருக்கும். 400 கிராம் ரிவால்வரில் உள்ளங்கையில் பிரம்படி பட்ட மாதிரி சுரீரென்று இருக்கும். பத்துத் தோட்டாவுக்குப் பிறகு, வெடிக்கும் முன்னாலேயே கை தானாகச் சுளித்து ஒதுங்கத் தொடங்கும். அந்தச் சுளிப்பு ஒரு முறை பழகிவிட்டால் அதைக் கழற்ற மாதக்கணக்காகும்.

இவ்வளவு சொன்ன நான் இதே ரிவால்வர் ஒன்றைத்தான் பல நாள் எடுத்துச் செல்கிறேன். காரணம் உண்டு. சுத்தியல் (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் பாகம்) வெளியே தெரியாத மாடல் துணியில் மாட்டாது. கோட்டுப் பைக்குள் இருந்தபடியே சுட முடியும். ஆள் மேலே விழுந்து நெருக்கிக்கொண்டிருக்கும்போது தானியங்கிப் பிஸ்டலின் மேல்பகுதி பின்னால் தள்ளப்பட்டுச் சுடாமல் போகக்கூடும், ரிவால்வருக்கு அந்தக் குறை இல்லை. பையில் கையை விட்டுப் பிடித்தபடி நடக்கலாம், பார்ப்பவருக்கு யாரோ கை குளிருக்குப் பையில் கைவிட்டு நடக்கிற மாதிரிதான் தெரியும். எனக்கு இந்தக் கடைசிக் காரணம்தான் பெரிது. ஆனால் இந்தப் பலன் எல்லாம் அந்த ஐந்து கிலோ விசையை அடக்கப் பழகியவருக்குத்தான்.

எப்படிப் பழகுவது? முதலில் வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சாகப் பார்த்து, நாலு அங்குலக் குழலுள்ள, முழு இரும்பு ரிவால்வரில் தொடங்குங்கள். அதில் 148 கிரெய்ன் (குண்டின் எடை) வாட்கட்டர் தோட்டா கேளுங்கள். தட்டையான மூக்கோடு இருக்கும், மெதுவாகப் போகும், உதை மிகக் குறைவு. விசையை நடுவில் நிறுத்தாமல் ஒரே சீராக, சப்பாத்திக்கட்டையை உருட்டுகிற மாதிரி ஒரே இழுவையில் கொண்டுபோகக் கற்றுக்கொள்ளுங்கள். "இப்போ வெடிக்கப் போகிறது" என்று எதிர்பார்த்து வெடுக்கென்று இழுப்பதுதான் எல்லோருடைய முதல் தவறு. பயிற்றுநரிடம் சிலிண்டரில், அதாவது தோட்டாக்கள் உட்காரும் சுழலும் உருளையில், சில அறைகளைக் காலியாக விட்டு, எது காலி என்று உங்களுக்குத் தெரியாமல் சுழற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். காலி அறையில் டிக்கென்று சத்தம் வரும்போது உங்கள் கை எவ்வளவு குனிகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். எந்த அறிவுரையும் சொல்லாததை அந்த ஒரு டிக் சொல்லிவிடும்.

பிடியில் இரண்டு விஷயம் மட்டும். கையை எவ்வளவு மேலே ஏற்றிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு மேலே பிடியுங்கள். கட்டைவிரல்களை மடக்கிக் கீழே வையுங்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளி வழியாகச் சூடான வாயு பக்கவாட்டில் பீய்ச்சும், அங்கே விரல் இருந்தால் வெட்டிவிடும். பிஸ்டல் சுட்டுப் பழகியவர்கள் கட்டைவிரலை முன்னால் நீட்டும் பழக்கத்தில் இதை மறந்துவிடுகிறார்கள்.

துப்பாக்கி உங்கள் வசம் வந்தபின், வீட்டில் தோட்டா இல்லாமல் பழகுவதுதான் உண்மையான பயிற்சி. ரேஞ்சில் சுடுவது பரீட்சை. வாரத்தில் நாலு நாள், பத்து நிமிடம் போதும். ஆனால் ஒழுங்கு வேண்டும்: தோட்டாக்கள் வேறு அறையில். சிலிண்டரைத் திறந்து கண்ணாலும் விரலாலும் காலி என்று இரண்டு முறை உறுதி. குறி வைக்கும் சுவர் தோட்டா துளைக்க முடியாததாக இருக்க வேண்டும், இங்கே மரச்சட்ட வீடுகளின் சுவரை நம்பாதீர்கள். புத்தகங்கள் நெருக்கமாக அடுக்கிய அலமாரி பரவாயில்லை. பயிற்சி முடிந்ததும் "முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லிப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். வீட்டில் தவறுதலாக வெடிப்பது பெரும்பாலும் அந்த "இன்னும் ஒரே ஒரு முறை" நேரத்தில்தான். அரிசோனாவில் 1976-இல் பயிற்சிப் பள்ளி தொடங்கிய ஜெஃப் கூப்பர் பரப்பிய நான்கு விதிகளை எல்லா வகுப்பிலும் சொல்வார்கள்: எல்லாத் துப்பாக்கியும் தோட்டா நிரம்பியதே. அழிக்க மனமில்லாத எதன் மீதும் குழல் திரும்பக் கூடாது. குறி இலக்கில் படியும்வரை விரல் விசைக்கு வெளியே. இலக்கும் அதன் பின்னால் இருப்பதும் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். எனக்கு இன்றும் ஒட்டியிருக்கிறது.

மூன்று மாதம் போனபின் சின்ன ரிவால்வருக்கு மாறுங்கள். முடிந்தால் அதே அளவில் .22 தோட்டா சுடும் ரூகர் எல்சிஆரில் பழகலாம். எட்டு தோட்டா பிடிக்கும், உதை இல்லை, விசை மட்டும் கனம். கை அந்தக் கனத்தைத் தனியாகப் படிக்கும். அளவுகோல் வேண்டும் என்றால் கீலா ஹேய்ஸ் என்ற பெண் பயிற்றுநரின் ஐந்துக்கு ஐந்து பயிற்சியைச் சொல்வேன்: ஐந்து கஜத்தில், ஐந்து அங்குல வட்டத்தில், ஐந்து நொடியில், ஐந்து குண்டு. அதையே ஐந்து முறை தொடர்ந்து. சின்ன ரிவால்வரில் இதை முடிக்கிற நாளில் அதை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன் வேண்டாம். ஒருவேளை பழகும்போது நடுத்தர அளவுப் பிஸ்டல் உங்கள் கைக்கு இதைவிட நன்றாக அமைந்தால் யோசிக்காமல் அதற்குப் போங்கள். பிஸ்டலின் மேல்பகுதியை இழுக்கப் பலம் இல்லை என்று ரிவால்வர் வாங்குகிறவர்கள் அதிகம். பெரும்பாலும் அது பலக் குறைவே இல்லை, பிடிக்கும் முறை தெரியாததுதான். பதினைந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

மறுபடி நிரப்புவது பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், ஆனால் ஒன்று தெரிந்திருக்கட்டும். குட்டைக் குழலில் காலிக் கூடுகளை வெளியே தள்ளும் கம்பியும் குட்டை. மெதுவாகத் தள்ளினால் கூடுகள் பாதி வந்து மாட்டிக்கொள்ளும். குழலை வானம் பார்க்க நிமிர்த்தி உள்ளங்கையால் ஓங்கி ஒரே அடி. அப்போதுதான் எல்லாம் விழும்.

எடுத்துச் செல்வது: செவிலியர் உடுப்பில் பெல்ட் கிடையாது, பை தொளதொளவென்று தொங்கும். அதில் 400 கிராம் போட்டாலே ஊருக்கெல்லாம் தெரியும். கைப்பையில் போடுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. திருடன் முதலில் பிடுங்குவதே கைப்பையைத்தான். குழந்தை முதலில் குடைவதும் அதைத்தான். கோயிலுக்குப் புடவையில் போகும் நாளில் எப்படி வைப்பது என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். என் பதில், அன்றைக்கு வைக்காதீர்கள். உடுப்புப் பையில் வைப்பதானால் விசையை முழுக்க மூடும் உறைக்குள்தான் வைக்க வேண்டும். அந்தப் பையில் வேறு எதுவும், ஒரு சாவிகூட, இருக்கக் கூடாது.

இப்போது கத்தி. தோழி கூப்பிடும் வகுப்பு பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் மரபில் வந்ததாக இருக்கும். ஆர்னிஸ், எஸ்க்ரிமா, காலி என்று மூன்று பெயரிலும் சொல்வார்கள். பிலிப்பைன்ஸ் அரசு 2009-இல் சட்டம் போட்டு ஆர்னிஸைத் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் அறிவித்தது. அமெரிக்காவில் இது வேர் விட்ட ஊர்களில் முக்கியமானது கலிபோர்னியாவின் ஸ்டாக்டன். தோட்ட வேலைக்கு வந்த பிலிப்பினோத் தொழிலாளர்கள் தங்களுக்குள் மறைவாகப் பழகி வந்ததை, 1966-இல் ஏஞ்சல் கபாலெஸ் வெளியாருக்கும் திறந்துவிட்டார். அதே ஊரில் பிறந்த டான் இனோசாண்டோ அதை நாடெங்கும் கொண்டுபோனார். பள்ளியில் சிலம்பம் சுற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்குக் காலடி வேலை மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும். அங்கேயும் முதல் பாடம் காலில்தான் தொடங்குகிறது. கை அப்புறம்தான்.

இந்த வகுப்பின் பெரிய பாடத்தை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். இரண்டு வருடம் பழகி, ரப்பர் கத்தியைத் தட்டிவிடுவதும் மணிக்கட்டைப் பிடித்துத் திருகுவதும் நன்றாக வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஆசிரியர் எங்கள் எல்லோரையும் வெள்ளை டீ-ஷர்ட்டில் வரச் சொன்னார். இரண்டு பயிற்சிக் கத்திகளின் விளிம்பில் சிவப்பு உதட்டுச்சாயத்தைத் தடவி, ஒன்றை என்னிடமும் மற்றதை என் எதிரில் நின்ற பெண்ணிடமும் கொடுத்தார். அவள் அப்போதுதான் ஒரு மாதம் பழகியவள், என்னைவிடக் குள்ளம். இருபது நொடி. "நிறுத்து" என்றபோது நான் அவள் கையை இரண்டு முறை பிடித்திருந்தேன். நான் ஜெயித்ததாகவே நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் முன்கைகளில் ஏழெட்டுக் கோடு, கழுத்துப் பக்கம் ஒன்று, வயிற்றில் மூன்று. அவள் சட்டையிலும் என் கத்தியின் கோடுகள். கத்திச் சண்டையில் ஜெயித்தவர் என்று யாரும் இல்லை என்பது அன்று உடம்பில் ஏறியது. அந்த டீ-ஷர்ட்டை இன்னும் வைத்திருக்கிறேன். நீங்கள் அவசரப் பிரிவில் இருந்தவர், உள்ளங்கையிலும் முன்கையிலும் வெட்டோடு வருகிறவர்களைத் தைக்க உதவியிருப்பீர்கள். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கத்தியைத் தற்காப்புக்கு வைத்துக்கொள்ளாதே என்று நான் சொல்வது இதனால்தான். தொடும் தூரத்துக்கு வந்தபிறகுதான் அது பயன்படும், அந்தத் தூரத்தில் உங்களைவிடக் கனமான ஆளுக்குத்தான் சாதகம். வெட்டுப்பட்ட ஆள் உடனே நின்றுவிடுவதும் இல்லை, வெறியில் தொடர்ந்து அடிப்பான். கத்தி கைமாறிவிட்டால் நிலைமை முன்னைவிட மோசம். சட்டத்தின் கண்ணிலும் கத்தியைப் பயன்படுத்துவது துப்பாக்கியைப் போலவே உயிர்ப்பறிப்பு அளவு பலம்தான், "சின்னக் கத்திதானே" என்ற சலுகை கிடையாது. ஆனால் அந்த வகுப்பு தூரம் என்றால் என்ன என்று உங்களுக்குக் கற்றுக்கொடுக்கும். அதற்காகவே போங்கள்.

தூரத்துக்குக் கணக்கு சொன்னவர் சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்றுநர் டென்னிஸ் டூலர். கத்தியோடு ஓடிவரும் ஒரு சாதாரண ஆள் 21 அடியைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அளந்து பார்த்து, சுமார் ஒன்றரை நொடி என்று 1983-இல் எழுதினார். நன்றாகப் பழகிய போலீஸ்காரர் உறையிலிருந்து உருவிச் சுடவும் அதே ஒன்றரை நொடிதான். இதைப் பலர் "21 அடி விதி" என்று ஆக்கி, அதற்குள் வந்தால் சுடலாம் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். அவர் விதி எதுவும் போடவில்லை. ஆபத்து நீங்கள் நினைப்பதைவிட வெகு தூரத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பதைத்தான் காட்டினார். வகுப்பில் இதைச் செய்து பாருங்கள்: பயிற்சிக்கான போலித் துப்பாக்கி உங்கள் பையில், 21 அடியில் ரப்பர் கத்தியோடு தோழி. அவள் ஓடி வரட்டும். முதல் நாலைந்து முறை துப்பாக்கி பாதி வெளியே வரும்போதே கத்தி உங்கள் நெஞ்சில் இருக்கும். பிறகு ஒரு காரைச் சுற்றிக்கொண்டு, அதை நடுவில் விட்டு நகர்ந்தபடி செய்யுங்கள். அப்போதுதான் நேரம் கிடைக்கும். காலும் நடுவில் ஒரு தடுப்பும்தான் கைக்கு நேரம் வாங்கித் தருகின்றன.

சரி, உங்கள் பார்க்கிங். டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து, தகுதியுள்ள 21 வயதுக்கு மேற்பட்டவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். ஆனால் மருத்துவமனைக் கட்டடத்துக்குள் நிர்வாகத்தின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. ஐந்தரை அங்குலத்துக்கு மேல் நீளமான கத்திக்கும் அங்கே தடை. சின்னக் கத்தியைச் சட்டம் விட்டாலும் உங்கள் வேலை விதி விடாது. பணியாளர் பூட்டிய சொந்தக் காரில் துப்பாக்கி வைத்திருப்பதை முதலாளி தடுக்க முடியாது என்று 2011-இல் ஒரு சட்டம் வந்தது உண்மைதான். அதன்படி வைத்தால் துப்பாக்கி காரில் இருக்கும், நீங்கள் லிஃப்டிலிருந்து காருக்கு நடந்துகொண்டிருப்பீர்கள். பயப்படும் அந்த நாலு நிமிடத்தில் கை வெறுங்கைதான். அதோடு, பணிக்குப் போன எட்டு மணி நேரமும் அது கண்ணாடிக்குப் பின்னால் கிடக்கிறது. காரை உடைத்துத் துப்பாக்கி திருடுவது இங்கே தினசரிக் கதை. வைத்தே ஆக வேண்டும் என்றால் இருக்கைச் சட்டத்தோடு இரும்புக் கயிறு போட்டுப் பிணைத்த பெட்டியில் வையுங்கள்.

ஆகவே நாளைக்குச் செய்ய வேண்டியவை இவை. காவலாளியைத் துணைக்குக் கேளுங்கள். பல மருத்துவமனைகளில் இந்த ஏற்பாடு உண்டு, கேட்கக் கூச்சப்பட்டுத்தான் நம் பெண்கள் கேட்பதில்லை. அதே நேரம் பணி முடிக்கும் மூன்று பேர் சேர்ந்து நடங்கள். போகும்போதே லிஃப்டுக்கு அருகில் வண்டியை நிறுத்துங்கள். போன மாதம் நடந்ததை எழுத்தில் புகார் கொடுங்கள். பெப்பர் ஸ்ப்ரே வாங்குங்கள், கடையில் தற்காப்புக்கென விற்கும் சிறிய டப்பாவுக்கு டெக்சஸில் தடை இல்லை, உங்கள் மருத்துவமனை விதியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காரம் இல்லாத பயிற்சி டப்பா ஒன்றும் சேர்த்து வாங்கி, வீட்டுப் பின்புறத்தில் காற்று எப்படி அடித்தால் எங்கே போகிறது என்று பாருங்கள். கையில் இருக்க வேண்டும். பையின் அடியில் கிடந்தால் இல்லாததற்குச் சமம்.

அப்புறம் குரல். முன்னாள் போலீஸ்காரர் கிரெய்க் டக்ளஸ் சொல்லிக்கொடுக்கும் முன்பின் தெரியாதவரைக் கையாளும் முறையை இங்கே பல பயிற்றுநர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தெரியாத ஆள் நெருங்கினால் கைகளை நெஞ்சுக்கு முன்னால் உயர்த்தி, "அங்கேயே நில்லுங்க" என்று சத்தமாகச் சொல்வது. நேர் பின்னால் போகாமல் வட்டமாக நகர்வது. அப்படி நகரும்போது உங்களுக்குப் பின்னால் இன்னொருவன் இருந்தாலும் தெரிந்துவிடும். கேட்கச் சுலபம். எங்கள் வகுப்பில் நம்மூர்ப் பெண்கள் மிகவும் திணறுவது இதில்தான். துப்பாக்கியைப் பிடிக்கிற கை நடுங்காது, அந்நியனைப் பார்த்துச் சத்தம் போடும் குரல் நடுங்கும். "மணி என்ன" என்று கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதைக் குறைவு என்று வளர்த்திருக்கிறார்கள். இதையும் பழகித்தான் ஆக வேண்டும். என்னோடு பழகியவர்களைக் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு தினமும் பத்து முறை கத்தச் சொல்வேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். உயிருக்கோ பெருங்காயத்துக்கோ உடனடி ஆபத்து, அதைத் தடுக்க வேறு வழி இல்லை என்று நியாயமாக நம்பும் நிலை, இதற்குத்தான் துப்பாக்கி. டெக்சஸ் சட்டம் இரவு நேரத் திருட்டைத் தடுக்கவும் சில நிபந்தனைகளில் சுட இடம் தருகிறது. அதை நம்பாதீர்கள். கைப்பையைக் கேட்டால் ஒரு பக்கம் எறிந்துவிட்டு மறுபக்கம் ஓடுங்கள். எந்த நீதிபதியும் ஒன்றும் சொல்லாவிட்டாலும் ஒரு உயிரை ஒரு பைக்காக எடுத்தோம் என்பதோடு நீங்கள்தான் வாழ வேண்டியிருக்கும். சுடும்படி ஆகிவிட்டால் நீங்களே 911-ஐ அழையுங்கள். மஸாத் அயூப் என்ற பயிற்றுநர் பல வருடமாகச் சொல்லிவரும் வரிசை நல்லது: அவன் என்னைத் தாக்கினான், நான் புகார் கொடுக்கிறேன், தடயம் இதோ, பார்த்தவர்கள் அதோ, என் வக்கீலோடு பேசிவிட்டு முழு ஒத்துழைப்புத் தருகிறேன். அதற்கு மேல் அந்த இரவில் பேசாதீர்கள், நடுங்கும் வாய் தப்புத் தப்பாகப் பேசும்.

லைசென்ஸ் தேவையில்லை என்றாலும் வகுப்புக்குப் போய் வாங்குங்கள். நாலு முதல் ஆறு மணி நேரம், அரசுக் கட்டணம் 40 டாலர். துப்பாக்கி எங்கே கூடாது என்பதை அதில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பார்கள். சுடும் தேர்வு 50 தோட்டா: மூன்று கஜத்தில் 20, ஏழு கஜத்தில் 20, பதினைந்து கஜத்தில் 10. 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. அசையாத பெரிய இலக்கு, நிதானமான நேரம். அதில் தேறியதைப் பயிற்சி முடிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ரத்தப்போக்கை நிறுத்தும் கட்டு ஒன்றையும், இறுக்கிக் கட்டும் டூர்னிக்கே ஒன்றையும் காரில் வையுங்கள். போடும் விதம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒற்றைக் கையால், இருட்டில், உங்கள் கைக்கே போட்டுப் பழகியதுண்டா என்பதை மட்டும் யோசியுங்கள்.

கடைசியாக, ஊருக்குப் போகும் விஷயம். ரேஞ்சுக்கு எடுத்துச் செல்ல ஒரு பை தனியாக வாங்கி அதை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். அதே பையில் துணி வைத்துக்கொண்டு ஊருக்குப் போய், அடி மடிப்பில் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டாவால் இந்திய விமான நிலையத்தில் ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் வழக்கில் சிக்கியவர்கள் உண்டு. துப்பாக்கியே இல்லாமல் ஒரு தோட்டா மட்டும் போதும். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் போனவர், மூன்று நாள் காவல் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் அலைந்தார், கல்யாணம் அவர் இல்லாமல் நடந்தது. என் ரேஞ்சுப் பை சிவப்பு நிறம். வீட்டில் சிவப்பில் வேறு பையே கிடையாது. நீங்களும் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்து, தம்பிக்கும் சொல்லி வையுங்கள்.